பேட்டரி இறங்கிய கார், பூட்டிய கதவு: எந்த வழியில் உள்ளே போவது?

ரிமோட்டை அழுத்துகிறோம், கார் அசையவில்லை. இன்னும் நெருங்கிப் போய் அழுத்துகிறோம். அப்போதும் விளக்குகள் மின்னவில்லை, பூட்டு விலகும் ஓசையும் இல்லை. பலர் இந்த இடத்தில் பதறிப்போய், முதலில் தோன்றிய வழியில் இறங்கிவிடுகிறார்கள். கதவைத் திறக்க நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இது காரின் மின்சாரத்தை நம்பியிருக்கிறதா? ஆம் என்றால், எவ்வளவு சுலபமாகத் தோன்றினாலும் இன்றைக்கு அது கைகொடுக்காது.

அதற்கும் முன்னால், எந்த பேட்டரி தீர்ந்தது என்று பார்க்க வேண்டும். ரிமோட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 3 வோல்ட் நாணய பேட்டரி. காரில் இருப்பது 12 வோல்ட். கண்ணாடி வழியாக டேஷ்போர்டை எட்டிப் பாருங்கள். திருட்டுத் தடுப்பு விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் காருக்கு உயிர் இருக்கிறது, சோர்ந்தது ரிமோட்தான். மாற்றுச் சாவி கையில் இருந்தால் ஐந்து நொடியில் விஷயம் தெளிவாகிவிடும். விளக்கு இருண்டு, மாற்றுச் சாவிக்கும் பதில் வராவிட்டால் காரின் பேட்டரியையே சந்தேகிக்க வேண்டும்.

என் கணக்கில் முதல் இடம், ரிமோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் உலோகச் சாவிக்கு. பொத்தான் வைத்துத் திறக்கும் பெரும்பாலான கார்களின் ரிமோட்டில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் மெல்லிய சாவி வெளியே வரும். இதற்கு மின்சாரமே தேவையில்லை, செலவும் சேதமும் இல்லை. ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, துளை எங்கே என்று தெரியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

நானும் அப்படி நின்றிருக்கிறேன். கைப்பிடி முழுவதையும் தடவிப் பார்த்தும் துளை அகப்படவில்லை. டார்ச்சைக் கீழிருந்து அடித்தபோதுதான், கைப்பிடியின் பின்முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடியின் அடியில் ஒரு நகக்கீறல் அளவுக்குப் பிளவு தெரிந்தது. சாவி நுனியை அதில் செருகி மேல்நோக்கி நெம்பினேன். மூடி டக்கென்று கழன்று வந்தது. உள்ளே துளை. சாவி பாதிதான் போனது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காத பூட்டு, தூசி அடைத்துக் கிடந்தது. மெல்லச் செருகி, மெல்ல இழுத்து, இருபது முப்பது தடவை செய்த பிறகு முழுதும் இறங்கியது. ஒரு பக்கம் திருப்பினால் அசையவில்லை. மறுபக்கம் திருப்பியதும் கதவு திறந்தது. பொறுமை இழந்து முறுக்கியிருந்தால் அந்த மெல்லிய சாவி உடைந்து பாதி உள்ளேயே தங்கியிருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது இந்தச் சாவியால் கதவைத் திறந்து பாருங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அடுத்து, காற்றுப்பையும் நீளக் கம்பியும். கதவின் மேல்விளிம்பில் பையைச் செருகி ஊதி, கிடைக்கும் இடைவெளியில் கம்பியை விடுவார்கள். சாவியைக் காருக்குள் மறந்துவிட்டவர்களுக்கு அருமையான வழி. நம் நிலைமையில் இதில் ஒரு பொறி இருக்கிறது: கம்பி பெரும்பாலும் தேடிப்போவது உள்ளே இருக்கும் பூட்டுப் பொத்தானை. அது மின்சாரப் பொத்தான் என்றால், மின்சாரம் இல்லாதபோது எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இல்லை. உள்கைப்பிடியையே கம்பியால் இழுக்க வேண்டும். இழுத்தாலும், இரட்டைப் பூட்டு உள்ள கார்களில் உள்கைப்பிடி செயலற்றுத்தான் கிடக்கும். கதவு விளிம்பு வளைந்தால் பிறகு மழைத்தண்ணீர் கசியும். அதனால் இதை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதும் தேர்ந்த கையில் இருந்தால் மட்டுமே. பூட்டு வேலைக்காரரைத் தொலைபேசியில் அழைக்கும்போதே “கார் பேட்டரி இறங்கிவிட்டது” என்று சொல்லிவிடுங்கள். கம்பியோடு நிற்காமல், சாவித் துளை வழியாகத் திறக்கும் கருவியையும் எடுத்து வருவார்.

கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இறக்கும் தட்டையான தகடு பழைய கார்களுக்கானது. புதிய கார்களின் கதவுக்குள் மின்கம்பிகளும், சிலவற்றில் விபத்தின்போது விரியும் பக்கவாட்டுக் காற்றுப்பை (ஏர்பேக்) சார்ந்த பாகங்களும் இருக்கின்றன. வேண்டாம்.

வெளியிலிருந்தே மின்சாரம் கொடுத்து காரை எழுப்புவது இன்னொரு வழி. சில கார்களில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. டெஸ்லா மாடல் 3இல் சாவித் துளையே கிடையாது. முன்பம்பரில் இழுவைக் கொக்கியின் மூடிக்குப் பின்னால் இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி திறக்கும், அதன் பிறகு உள்ளே இருக்கும் பேட்டரிக்கு உயிரூட்டலாம். தயாரிப்பாளரே வைத்த வழி என்பதால் இதை நம்பலாம். ஆனால் சாதாரண காரின் அடியில் படுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாசிட்டிவ் முனையில் கேபிளை மாட்டும் வேலையை இதோடு சேர்க்காதீர்கள். அந்த முனை பேட்டரியோடு நேரடியாக இணைந்தது என்பது உண்மைதான். ஆனால் நெருக்கமான இடத்தில் கிளிப் பக்கத்து உலோகத்தில் உரசினால் தீப்பொறி பறக்கும், முகமோ அதற்கு நேர் கீழே. ஒரு கதவுக்காக அந்த ஆபத்தை ஏற்க நான் தயாராக இல்லை.

கண்ணாடியை உடைப்பது கடைசி வழி. உள்ளே குழந்தையோ நாயோ அடைபட்டிருந்தால் மட்டும் அதுவே முதல் வழி. அப்போது சாவித் துளையைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து, நடுவில் அல்லாமல் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி இரு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் வழிவிடாது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் அதே வகைதான். ஒன்று உடையாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

எந்த வழியில் திறந்தாலும், பேட்டரிக்கு கேபிளை மாட்டும்போது சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், ஒரு கதவும் திறந்தே இருக்கட்டும். மின்சாரம் திரும்பியதும் சில கார்கள் அலறும்; சில, கதவுகளைத் தாமாகவே பூட்டிக்கொள்ளும்.