ஸ்டீரியோ பெடல் வாங்குமுன் மோனோவில் கேளுங்கள்

சேலத்தில் கிதார் வாசிப்பவன் ஸ்டீரியோ பெடல்களுக்கு (கிதாரின் ஒலியை மாற்றி இடம், வலம் என்று இரண்டாகத் தரும், காலால் இயக்கும் பெட்டிகள்) காசு செலவழிக்கலாமா என்று எந்த மைக் செட்காரரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரித்துவிடுவார். ஆடி மாதக் கோயில் மேடையோ, கல்யாண மண்டபத்து வரவேற்போ, மேடையின் இருபுறமும் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். இரண்டிலும் வருவது ஒரே ஒலிதான், அதாவது மோனோ. மிக்சரில் கிதாருக்கு ஒரு லைன். இன்னொன்று கேட்டால் “தம்பி, அதில் தபேலா இருக்கிறது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கத்துப் பெட்டி மட்டுமே கேட்கும். பாதிப் பாட்டை எதிர்ப்பக்கம் ஒளித்துவைத்தால் அவருக்கு அது இல்லாத பாட்டுதான்.

இருந்தும் சில ஆண்டுகளாக நான் ஸ்டீரியோவில் வாசிக்கிறேன். அம்மாபேட்டை வீட்டில் இரண்டு சிறிய ஆம்ப்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏற்காட்டில் பாடகர் குழுவுடன் தேவாலயம், மற்ற நாட்களில் மேலே சொன்ன ஒற்றை லைன். மூன்றுக்கும் போவது ஒரே பெடல் போர்டு. அதனால் ஒரு ஸ்டீரியோ பெடல் இரண்டு ஆம்பில் எவ்வளவு அகலமாகக் கேட்கிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. இரண்டு வயரையும் ஒன்றாக்கினால் என்ன மிஞ்சுகிறது என்பதே முதல் கேள்வி.

கிதாரில் ஸ்டீரியோ ஆசையை மூட்டியதில் பெரும் பங்கு, 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்புக்கு உண்டு. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 60 வாட். அதில் உள்ள கோரஸ் என்ற எஃபெக்டை (ஒரு கிதாரைப் பல கிதார்கள் போல் தடிப்பாக்குவது) போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கலப்பில்லாத ஒலியும் மற்றதில் சுருதி மெல்ல ஏறி இறங்கும் ஒலியும் வரும். இரண்டும் கலப்பது ஆம்புக்கு வெளியே, காற்றில். அந்த கோரஸைத் தனிப் பெட்டியாக்கி 1976இல் வந்ததுதான் சிஇ-1, பாஸ் (Boss) நிறுவனத்தின் முதல் எஃபெக்ட் பெடல். காற்றில் கலக்கும் அந்த ஒலியை ஒருமுறை நேரில் கேட்டவர்களுக்கு மோனோ கோரஸ் கொஞ்சம் சளி பிடித்த குரலாகத்தான் கேட்கும்.

கடையில் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. பெட்டியில் இரண்டு அவுட்புட் துளைகள் இருந்தாலே ஸ்டீரியோ என்று நினைத்துவிடக் கூடாது. எதிரொலி தரும் பாஸ் டிடி-3 டிலேயில் இரண்டு துளைகள் உண்டு. இரண்டாவது, டிலே கலக்காத நேர் ஒலியை வெளியே கொடுப்பதற்கானது. இன்னும் சில பெடல்களில் ஒரு இன்புட், இரண்டு அவுட்புட். வரிசையில் முதல் ஸ்டீரியோ பெடலாக வைத்தால் அவை போதும். அவற்றுக்கு முன்னால் இன்னொரு ஸ்டீரியோ பெடல் இருந்தால் அதன் உழைப்பு அங்கேயே வீணாகிறது. மூன்றாவது ரகம்தான் ஏமாற்றும்: இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட் இருக்கும், ஆனால் உள்ளே போனதும் இடமும் வலமும் ஒன்றாகி, எஃபெக்ட் மட்டும் இரண்டாகப் பிரிந்து வெளியே வரும். கண்டுபிடிப்பது எளிது. இடது இன்புட்டில் மட்டும் கிதாரைச் செருகி, வலது இன்புட்டில் ஒலியில்லாத ஒரு வயரைச் செருகுங்கள். எஃபெக்டின் அளவை முழுவதும் குறைத்த பிறகும் வலது ஆம்பில் கிதார் கேட்டால் உள்ளே கலப்பு நடக்கிறது.

கோரஸ் வாங்கும்போது இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சில கோரஸ்கள் எஃபெக்டை ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் கழித்தும் தருகின்றன. இரண்டு ஆம்பில் கேட்டால் அறை விரியும். மிக்சரில் இரண்டையும் ஒரே பக்கம் சேர்த்தால் கூட்டலும் கழித்தலும் சரிக்குச் சரியாகி, கோரஸ் போன இடம் தெரியாது; வெறும் கிதார் மட்டும் நிற்கும். ஒற்றை லைன் மேடைகளில் நான் கோரஸிலிருந்து ஒரு வயரை மட்டுமே அடுத்த பெடலுக்கு அனுப்புகிறேன். கடைசிப் பெடலில் ஒரு வயரைப் பிடுங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசிப் பெடல் இரண்டு பக்கத்தையும் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் வகையாக இருந்தால் அதே கழித்தல் அதற்குள்ளேயே நடந்துவிடும்.

ஒரு பக்கத்தைச் சில மில்லி விநாடிகள் தாமதப்படுத்தி அகலம் காட்டும் வித்தையும் உண்டு. காதுக்கு அது மயக்கம்தான். ஆனால் 5 மில்லி விநாடி தாமதத்தை மோனோவில் சேர்த்தால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழும். கிதாரின் சதைப்பற்று முழுவதும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு வாசிப்பவர் தாராளமாகப் பயன்படுத்தலாம், மேடைக்கு வேண்டாம்.

என் டிலே பாஸ் டிடி-8, 2019இல் வெளிவந்த மாடல். இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போவது, எதிரொலி இடமும் வலமுமாகத் தாவுவது, அகலமாக விரிவது என்று மூன்று விதமாக அமைத்துக்கொள்ளலாம். நான் முதல் அமைப்பை விட்டு நகர்வதே இல்லை. தாவும் எதிரொலி வீட்டில் அருமை. அரங்கில் எடுபடாததற்குக் காரணம் இருக்கிறது: ஒலிக்கு ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். மற்றதை விட மூன்று மீட்டர் அருகில் இருக்கும் ஆம்ப் 9 மில்லி விநாடி முந்திக்கொள்கிறது. முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும் என்று ஒலி ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இலேயே ஆய்ந்து எழுதிவிட்டார். நடு வரிசைக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தாவல் ஏதோ கோளாறாகத்தான் கேட்கும்.

பெரிய அறையின் முழக்கத்தைத் தரும் ரிவர்புக்கு டிசி எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2. இதன் மினி வடிவம் மோனோ. வாங்குபவர்கள் பெயரைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். கிதாரின் நேர் ஒலி டிஜிட்டலுக்குள் போகாமல் அப்படியே கடந்து செல்வதால், நீண்ட ரிவர்பிலும் மீட்டல் தெளிவாக நிற்கிறது. ஏற்காட்டில் மட்டும் இதற்கு வேலையில்லை. உயரமான கூரையும் கல் சுவரும் வேண்டிய மட்டும் முழங்குகின்றன, அங்கே அணைத்துவிடுகிறேன்.

ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், மிதித்தால் “வா” என்று குரல் போல் ஒலிக்கும் வா பெடல், டியூனர் எல்லாம் முன்னால், மோனோவில். இரண்டு ஓவர்டிரைவ் வாங்கி இரு பக்கமும் வைக்கச் சொல்லும் அறிவுரையை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. வால்யூம் பெடலையும் ஸ்டீரியோ பகுதிக்கு முன்னாலேயே வைத்துவிட்டால் சாதாரண மோனோ பெடல் போதும். காலை எடுத்த பிறகும் எதிரொலி தொடர்ந்து தேயும் என்பது கூடுதல் லாபம்.

பெடல்களை விட என்னை அதிகம் அலைக்கழித்தது இரைச்சல். இரண்டு ஆம்ப்களை இரண்டு வேறு பிளக் பாயிண்ட்டுகளில் மாட்டினால், எர்த் வழியாகவும் கிதார் வயர் வழியாகவும் ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கிளம்பும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுவது முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பக்கத்து வயரில், நேரடி மின் இணைப்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடும் பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்பவன் உயிரோடு விளையாடுகிற காரியம் அது. எந்த இரைச்சலுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

மின்சாரத்திலும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. டிடி-8 கேட்பது 65 மில்லி ஆம்பியர், ஹால் ஆஃப் ஃபேம் 100. பெரிய டிஜிட்டல் பெடல்கள் 300 வரை கேட்கும். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து டிஜிட்டலையும் ஓவர்டிரைவையும் ஓட்டினால் கொசு கத்துவது போல் ஒரு கீச்சு வரும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்கிய பிறகே அது ஒழிந்தது. சேலத்துச் சித்திரை வெயிலில் காரில் விட்ட போர்டில் பெடலுக்கு அடியிலிருக்கும் ஒட்டுப்பட்டையின் பசை இளகிவிடும்; அதோடு ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் பெடல்கள் இடம் மாறியிருக்கும். நைலான் டை போட்டுக் கட்டிவிட்டேன். ஏற்காட்டு மூடுபனியின் ஈரத்துக்கு ஜாக்குகளை அவ்வப்போது கான்டாக்ட் கிளீனரால் துடைக்கிறேன்.

புதிதாக இரண்டு ஆம்ப் சேர்ப்பவர்கள் பெடல் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு ஒலியில், தடித்த ஆறாம் கம்பியை எங்கும் விரல் அழுத்தாமல் மீட்டுங்கள். ஒரு ஆம்ப் மட்டும் ஓடும்போது இருக்கும் அடித்தொனி இரண்டும் ஓடும்போது மெலிந்துபோனால், ஒன்று மற்றதற்கு எதிர்த்திசையில் ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. அந்தத் திசையை (phase) மாற்றும் சுவிட்ச் உள்ள, கிதாரை இரண்டு ஆம்புக்கும் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் பெட்டி ஒன்று அதைச் சரிசெய்துவிடும். அது சரியாகும் வரை எந்த கோரஸைப் பற்றியும் முடிவுக்கு வர வேண்டாம்.