வாட்ஸ்அப்பா, மின்னஞ்சலா: சிறு தொழிலுக்கு எது?

புதிதாகத் தொழில் தொடங்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: வாடிக்கையாளரிடம் பேச வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு?

வேகம்: வாட்ஸ்அப்தான், சந்தேகமே இல்லை. போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக், படித்தால் நீல டிக். மின்னஞ்சலில் பதிலுக்கு ஒரு நாள் காத்திருப்பது சகஜம்.

செலவு: இரண்டையும் இலவசமாகவே தொடங்கலாம். சொந்த டொமைனில், அதாவது உங்கள் தொழிலுக்கென்று பதிவு செய்த இணையப் பெயரில், மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக் கட்டணம் உண்டு.

நிலைப்பு: பெரிய வித்தியாசம் இங்கேதான். 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் தொடங்கிவைத்த, கணினிக்குக் கணினி போகும் மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. சொந்த டொமைன் இருந்தால், சேவையை மாற்றினாலும் முகவரி கூடவே வரும். 2009-இல் வந்த வாட்ஸ்அப் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அப்புறம் பேக்கப் விஷயம். ஒரு முறை என் போன் தொலைந்தது, பேக்கப் எடுத்திருக்கவில்லை. பேசி முடித்த விலை, டெலிவரி தேதி எல்லாம் அதோடு போயிற்று. "நீங்கள் சொன்னது வேறு விலையாச்சே" என்று வாடிக்கையாளர் கேட்டபோது, எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

தேடுவது: குரல் பதிவாக வந்த ஆர்டரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மின்னஞ்சலில் ஒரு சொல்லை அடித்தால் போதும்.

சரி, எதற்கு எது? அன்றாட விசாரிப்பு, பொருளின் படம், "பார்சல் வந்துவிட்டதா?" இதற்கெல்லாம் வாட்ஸ்அப். விலைப்புள்ளி, ஒப்பந்தம், பில் என்றால் மின்னஞ்சல். நான் இப்போது வாட்ஸ்அப்பில் பேசி முடித்த கையோடு, முடிவானதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுகிறேன்.