ஒரே செக்லிஸ்ட்டா, போட்டிப் பக்கங்களைப் பார்த்து எழுதுவதா?

கூகுள் தேடலில் முன்னால் வர வேண்டும் என்று இணையப் பக்கங்கள் எழுதும்போது, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே செக்லிஸ்ட் என்றால் வேலை சீக்கிரம் முடியும். தலைப்பில் கீவேர்டு (மக்கள் தேடும் சொல்), தெளிவான துணைத்தலைப்புகள் எல்லாம் எங்கும் தேவைதான். ஆனால் செக்லிஸ்ட் பழசாகிவிடும். பக்கத்தின் கோடில் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்ட்ஸை, ரேங்கிங்கிற்கு (தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த) பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு வழி, ஒவ்வொரு கீவேர்டையும் தேடி, முதலில் வரும் பக்கங்களைத் திறந்து படிப்பது. 'லேப்டாப் சூடாவது ஏன்' என்று தேடுபவருக்கு விளக்கம் வேண்டும்; 'லேப்டாப் கூலிங் பேட் விலை' என்று தேடுபவர் வாங்க வந்தவர். அவருக்கு நீளமான கட்டுரை எழுதினால் உழைப்பு வீண். அப்புறம், மற்றவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதும் படித்தால்தான் கண்ணில் படும். அதை எழுதுங்கள். அவர்களுடைய வார்த்தை எண்ணிக்கையைக் காப்பி அடிக்க வேண்டாம்.

நேரம் இல்லையா? சரி, முக்கியமான கீவேர்டுகளுக்காவது இப்படிச் செய்யுங்கள்.