துளையிட மாட்டோம் என்றார்கள்: முன் நம்பர் பிளேட்டும் என் பம்பரில் விழுந்த இரண்டு ஓட்டைகளும்

கலிஃபோர்னியாவில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக வெளிமாநிலத்தில் பழைய காரை வாங்கி வந்து முன் நம்பர் பிளேட்டை எங்கே மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், காரை ஒரு கடையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பம்பரில் துளையிடாமல் பொருத்தித் தருவதாகச் சொல்லி 160 டாலர் கூலி வாங்கிய ஒரு கடை, என் காரின் முன் பம்பரில் இரண்டு ஓட்டைகளைப் போட்டு, அந்த ஓட்டைகளை நம்பர் பிளேட்டாலேயே மறைத்து அனுப்பியது. ஐந்து மாதங்கள் அது எனக்குத் தெரியாது.

கார் 2014ஆம் ஆண்டின் போர்ஷே கேமன், அடர்நீலம். அரிசோனாவில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். அந்த மாநிலத்தில் பின் பக்கம் மட்டும் பிளேட் இருந்தால் போதும் என்பதால், பத்து வருடம் ஓடிய பிறகும் அதன் முன் பம்பர் ஒரு துளைகூட இல்லாமல் இருந்தது. இங்கே டீலர்கள் புது வண்டியைக் கையில் கொடுக்கும்போதே, பல சமயம் கேட்காமல்கூட, முன் பிளேட்டுக்கான தாங்கியைத் திருகிவிடுவார்கள்; ஆகவே துளையில்லாத பம்பர் உள்ள பழைய கார் இந்தப் பக்கம் கிடைப்பது அரிது. சொல்லப்போனால், விலையில் சில நூறு டாலர் கூடுதலாக இருந்தும் அந்தக் காரையே நான் தேர்ந்தெடுத்ததற்கு அந்த முகம்தான் காரணம். பம்பருக்கு இவ்வளவு அக்கறையா என்று வீட்டில் கேட்டார்கள். இதில் ஆசை வைத்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது.

கலிஃபோர்னியாவில் பதிவு செய்தவுடன் இரண்டு பிளேட்டுகள் வந்தன. இரண்டு பிளேட் வழங்கப்பட்டால் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் மாட்ட வேண்டும் என்று இம்மாநில வாகனச் சட்டத்தின் 5200ஆம் பிரிவு சொல்கிறது. அது ஆடாமல் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், எழுத்துகள் நேராகவும் தெளிவாகவும் தெரிய வேண்டும் என்பது 5201ஆம் பிரிவு. நான் பலரையும் பார்த்து, முன் பிளேட்டை டேஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது வாரத்திலேயே காவலர் ஒருவர் நிறுத்தி, சரிசெய்து காட்டிவிட்டால் தள்ளுபடியாகும் வகையிலான டிக்கெட்டை எழுதினார். பிளேட்டைப் பொருத்தி, அதிகாரி ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, நீதிமன்றத்தில் 25 டாலர் கட்டினால் முடிந்துவிடும். தொகை பெரிதல்ல. ஆனால் அதில் ஒரு கெடு தேதி இருந்தது; அந்த அவசரம்தான் என்னை அந்தக் கடைக்கு அனுப்பியது.

துளையிடாமல் பொருத்தும் வழிகளைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்திருந்தேன். காந்தத்தை நேராக ஒட்ட முடியாது, ஏனென்றால் பம்பரின் மேல்தோல் பிளாஸ்டிக். இருபக்கமும் ஒட்டும் த்ரீஎம் விஎச்பி போன்ற நாடாக்கள் உண்மையிலேயே வலுவானவைதான். ஆனால் பரப்பை ஆல்கஹாலால் துடைத்து, வெதுவெதுப்பான வெயில் நேரத்தில் ஒட்டி, முழுப்பிடிப்பு வருவதற்கு 72 மணி நேரம் விட வேண்டும். பிறகு எடுக்கும்போது பழைய பெயின்ட்டும் கூடவே வந்துவிடுமோ என்ற பயம் வேறு. எஞ்சியது, டோ ஹூக் மாட்டும் குழியைப் பயன்படுத்தும் முறை. பம்பரில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதை எடுத்தால் உள்ளே மரையிட்ட ஒரு உலோகக் குழி தெரியும். கார் நின்றுபோனால் இழுப்பதற்கான கொக்கியைத் திருக அது வைக்கப்பட்டிருக்கிறது. அதே குழியில் ஒரு தண்டைத் திருகி, அதன் முனையில் தாங்கியை வைத்து, பிளேட்டை மாட்டிவிடலாம். பிளேட் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக நிற்கும், பார்க்கச் சற்றுக் கோணலாகத்தான் இருக்கும்; ஆனால் கழற்றினால் சுவடே இருக்காது.

என் முதல் தவறு இங்கே நடந்தது. எல்லா ஜெர்மன் கார்களுக்கும் பொருந்தும் என்று விளம்பரப்படுத்தியிருந்த ஒரு செட்டை 95 டாலருக்கு இணையத்தில் வாங்கினேன். போர்ஷேயின் டோ ஹூக் குழி இடது மரை கொண்டது. வழக்கத்துக்கு மாறாக, இடப்பக்கம் சுழற்றினால்தான் தண்டு உள்ளே ஏறும். எனக்கு அனுப்பப்பட்டதோ சாதாரண வலது மரைத் தண்டு. அது அந்தக் குழியில் எவ்வளவு சுற்றினாலும் ஏறாது. பலவந்தப்படுத்தினால் குழியின் மரைதான் கெடும். இதை அப்போது நான் சோதித்துப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரிக்காமலேயே கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடை கார்களுக்குத் துணைப்பொருள்கள் பொருத்துவது. எங்கள் பகுதியில் ஓரளவு பெயருள்ளது. போவதற்கு முந்தைய நாள், பம்பரில் எந்தக் காரணம் கொண்டும் துளையிடக் கூடாது, முடியாவிட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கைபேசியில் செய்தி அனுப்பினேன். கவலை வேண்டாம், துளை கிடையாது என்று பதில் வந்தது. பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். கொடுத்த பில்லில் முன் பிளேட் பொருத்தியது, ஒரு மணி நேரக் கூலி என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை.

மாலையில் காரை எடுக்கப் போனபோது, வேலை செய்தவர் பிளேட்டைக் கையால் பிடித்து அசைத்துக் காட்டினார். சிறிதும் அசையவில்லை. பாறை மாதிரி நிற்கிறது பாருங்கள் என்றார். நானும் மகிழ்ந்து போனேன். உண்மையில் நான் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தண்டில் மட்டும் தொங்கும் பிளேட் ஓரத்தைப் பிடித்து அழுத்தினால் சிறிது வளைந்து கொடுக்கும். பம்பருக்கும் அதற்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். என்னுடையதோ பம்பரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதை நேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன் காரைக் கழுவும்போது, பிளேட்டின் கீழ் விளிம்பிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நீல பெயின்ட்டின் மேல் வழிந்து காய்ந்திருப்பதைக் கண்டேன். துணியால் துடைத்ததும் போயிற்று. அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காதே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. பிளேட்டைக் கழற்றினேன். பின்னால் இருந்த தாங்கியின் நடுவே, பம்பருக்குள் நேராக இறங்கிய இரண்டு ஸ்க்ரூக்கள். தானே துளைத்துக்கொண்டு ஏறும் மலிவான வகை. தலை முழுக்கத் துரு. ஒன்றைத் திருகி எடுத்தபோது, அதன் மரையில் சுருண்டுகொண்டு கறுப்புப் பிளாஸ்டிக் சீவல் வந்தது, சீவலின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு நீல பெயின்ட். துளையைச் சுற்றிப் பெயின்ட்டில் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

அதோடு முடியவில்லை. இரண்டு ஸ்க்ரூக்களையும் எடுத்ததும், டோ ஹூக் குழியில் திருகியிருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த தண்டு, விரலால் இழுத்த மாத்திரத்தில் கையோடு வந்துவிட்டது. அதன் மரையின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, பம்பரின் ஓட்டைக்குள் செருகி நிறுத்தியிருந்தார்கள். குழிக்குள் அது ஒரு மரைகூட ஏறவில்லை. முன்னால் இருந்த பொருள்வைப்பறையிலிருந்து காரோடு வந்த இழுவைக் கொக்கியை எடுத்து, இரண்டையும் செங்குத்தாகப் பிடித்து அருகருகே வைத்துப் பார்த்தேன். கொக்கியின் மரை இடப்பக்கம் மேலேறியது, தண்டின் மரை வலப்பக்கம் மேலேறியது. என்ன நடந்திருக்கும் என்பது விளங்கிவிட்டது. தண்டு ஏறவில்லை என்றதும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் செட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்குப் பதிலாக ஸ்க்ரூ அடித்து, தண்டை வெறும் வேஷத்துக்குச் செருகி, கூலியும் வாங்கிக்கொண்டார்கள். தவறான பொருளை வாங்கியது என் பிழை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறைப்பதற்காகச் சுற்றிய அந்த நாடா எந்தக் கைத்தவறிலும் சேராது.

கடைக்குப் போனேன். முதலாளி முதலில், துளைகள் முன்பே இருந்திருக்கும் என்றார். காரை வாங்குவதற்கு முன் அரிசோனாவில் ஒரு மெக்கானிக்கை வைத்துப் பரிசோதித்து, எல்லாப் பக்கமும் எடுக்கச் சொன்ன படங்கள் என்னிடம் இருந்தன. பம்பரை நேராகக் காட்டும் படத்தை நீட்டினேன். அதன்பின் அவர் பேச்சு மாறியது. பிளேட் மாட்டினால் துளை தெரியவா போகிறது, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்டார். வேண்டுமானால் கூலியில் பாதியைத் தருகிறேன் என்றும் சொன்னார். நான் ஏற்கவில்லை.

பெயின்ட் வேலை செய்யும் வேறொரு பட்டறையில், துளைகளை உள்ளிருந்து பிளாஸ்டிக் வெல்டிங் செய்து அடைத்து, பம்பர் முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்க 1,260 டாலர் என்று எழுத்தில் மதிப்பீடு தந்தார்கள். துளை சிறிதுதானே, அந்த இடத்தில் மட்டும் தொட்டுவிட முடியாதா என்று கேட்டேன். பத்து வருட வெயில் பட்ட நீலத்தோடு புது நீலம் சேராது, திட்டாகத் தெரியும் என்றார் அங்கிருந்த பெரியவர். அவர் சொன்னது சரிதான்.

கிரெடிட் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் வழி எனக்கு மூடியிருந்தது. பில்லில் உள்ள தவறு குறித்து, அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்; நானோ ஐந்தாவது மாதத்தில் இருந்தேன். ஆகவே சிறு வழக்கு நீதிமன்றம்தான் மிஞ்சியது. அங்கே இரு தரப்புக்காகவும் வக்கீல் வாதாட முடியாது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. பட்டறை மதிப்பீட்டையும் 160 டாலர் கூலியையும் சேர்த்து 1,420 டாலர் கேட்டேன். 1,500 டாலருக்கு உட்பட்ட கோரிக்கைக்கு மனுக் கட்டணம் 30 டாலர் மட்டுமே என்பதால், 95 டாலர் செட்டையும் சேர்த்து அந்த வரம்பைத் தாண்ட விரும்பவில்லை; தவிர, செட்டை வாங்கியது நான்தான். மனு போடுவதற்கு முன் பணத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்பதால், படங்களையும் கைபேசிச் செய்தியையும் இணைத்து ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. இன்னொரு சிக்கல், பலகையில் இருந்த கடைப்பெயர் வேறு, வியாபாரத்தின் உரிமையாளர் பெயர் வேறு. மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவைத் தேடித்தான் சரியான பெயரை மனுவில் எழுத முடிந்தது. இதற்கே அரைநாள் போயிற்று.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு முதலாளியே கூப்பிட்டார். 1,100 டாலருக்குப் பேசி முடித்தோம். வங்கிக் காசோலை கைக்கு வந்த பிறகுதான் வழக்கைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கொடுத்தேன். மீதி 320 டாலரும், விடுப்பு எடுத்த ஒன்றரை நாளும் என் கணக்கில்.

இதே வேலைக்குக் காரை விடப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். காரோடு வந்த கொக்கியை முதலில் உங்கள் கையாலேயே அந்தக் குழியில் திருகிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு செட்டை வாங்குங்கள். துளையிடக் கூடாது என்ற சொல் மதிப்பீட்டிலும் பில்லிலும் எழுத்தில் இருக்கட்டும். பம்பரின் படத்தைக் கடை வாசலிலேயே, கடைக்காரர் பார்க்க எடுங்கள். காரைத் திரும்ப வாங்கும்போது பிளேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஸ்க்ரூவை எடுக்க இரண்டு நிமிடம் ஆகும், தயங்குகிறவர் ஏன் தயங்குகிறார் என்பதை அங்கேயே கேட்டுவிடலாம். பார்க்கிங் சென்சார் உள்ள கார் என்றால், ஓரமாக நிற்கும் பிளேட் அதை மறைக்கிறதா என்பதையும் அங்கேயே பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்திச் சோதியுங்கள்.

பம்பர் பெயின்ட் முடிந்து வந்தபின், இடது மரைத் தண்டு உள்ள வேறொரு செட்டை வாங்கி நானே மாட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டத்தின் அதிர்வில் தண்டு சுழன்று தளரக்கூடும், தளர்ந்தால் பிளேட் சாய்ந்து பெயின்ட்டை உரசும் என்பதால், பூட்டு நட்டிலிருந்து தண்டுக்கு வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கார் கழுவும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன். இதுவரை கோடு நேராகவே இருக்கிறது.