வெள்ளவத்தை ஹோஸ்டிங் மாற்றும் சேவை: கோப்புகளை நம்பிக் கொடுக்கலாம், டிஎன்எஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்

காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம், ஒரு மாடியறையில் இயங்கும் சிறிய சேவை இது. பழைய ஹோஸ்டிங்கில் இருக்கும் இணையத்தளத்தைப் புதிய சேர்வரில் கொண்டுபோய் வைத்துத் தருவார்கள். தமிழில் கதைத்தே வேலையை முடிக்கலாம். புறக்கோட்டை ஹாட்வெயார் கடையொன்றின் தமிழ்த் தளத்தை அவர்கள் மாற்றிய விதத்தை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. வேர்ட்பிரஸ் தளம், .எல்கே டொமைன், வருகிறவர்களில் பெரும்பாலானோர் கூகுளில் தேடி வருகிறவர்கள்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸை இறக்கி ஏற்றும்போது எழுத்துக் குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில்) பிழை விடவில்லை. லத்தீன் அமைப்பில் இறக்கினாலோ ஏற்றினாலோ தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகவோ, புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவோ மாறிவிடும். பிறகு திருத்துவது பெரிய தலையிடி. அவர்கள் தமிழைத் தாங்கும் முறையான யூடிஎஃப்8 எம்பி4 என்று தெளிவாகக் குறிப்பிட்டு இறக்கினார்கள். டொமைன் பெயர் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸைத் தொடுவதற்கு முன்பே, கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியை (சேர்வரின் எண் முகவரியை) எழுதி, அந்தக் கணினியில் மட்டும் தளம் திறக்கும் விதத்தைக் காட்டவும் செய்தார்கள். இதைக் கேட்காமலே செய்து காட்டும் இடங்கள் குறைவு.

சறுக்கியது படங்களில். கோப்புகளை ஒரு பழைய மேக் கணினிக்கு இறக்கி, அங்கிருந்து புதிய சேர்வருக்கு ஏற்றியிருக்கிறார்கள். தளத்தில் பல படங்களுக்குத் தமிழிலேயே பெயர். ‘மோட்டார்’ என்ற பெயரில் உள்ள ‘ோ’ யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ‘ே’, ‘ா’ என்ற இரண்டு குறிகள் சேர்ந்தும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கோப்பமைப்பு அதை இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். பக்கத்தில் இருக்கும் முகவரியோ ஒற்றைக் குறியைத் தேடுகிறது. விளைவு 404, அதாவது ‘கோப்பு இல்லை’ என்ற பதில். கோப்புப் பட்டியலில் பெயர் சரியாகவே தெரிவதால் காரணம் இலகுவில் பிடிபடாது. ‘ொ’, ‘ோ’, ‘ௌ’, ‘ஔ’ வரும் பெயர்களுக்கு மட்டுமே இந்த வினை. படத் தேடல் வழியாக வரும் ஆட்களை இது சத்தமில்லாமல் நிறுத்திவிடும். சேர்வரிலிருந்து சேர்வருக்கு நேரடியாக ஆர்சிங்க் (கோப்புகளைப் பிரதி செய்யும் கட்டளை) செய்தால் இந்தப் பிரச்சினையே வராது. வேலையைக் கொடுக்கும்போதே அப்படிச் செய்யச் சொல்லிவிடுங்கள்.

பக்க முகவரி தமிழில் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். உள்ளுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தின் மேலுள்ள புள்ளியும் தனிக் குறிதான்) 9 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்குவது 200 இடம், அதாவது ஏறக்குறைய 22 குறிகள். ‘தண்ணீர்-மோட்டார்-விலை’ என்பதே 173 இடத்தை எடுத்துவிடுகிறது. யாராவது முன்பு அந்த எல்லையைக் கூட்டி வைத்திருந்தால், எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்துப் புதிய வேர்ட்பிரஸ்ஸில் இறக்குமதி செய்யும்போது நீண்ட முகவரிகள் வெட்டுப்படும். கூகுளுக்கு அவை காணாமற்போன பக்கங்கள். டேட்டாபேஸை முழுதாகக் கொண்டுபோவதே சரி. இந்தச் சேவை அப்படித்தான் செய்தது.

தேடல் வரவைக் காப்பது தங்கள் வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான். சோதனைக் காலத்தில் ‘தேடுபொறிகள் பார்க்க வேண்டாம்’ என்ற பெட்டியில் போட்ட சரி அடையாளத்தை, தளம் நேரலைக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை. வேர்ட்பிரஸ்ஸின் ‘வாசிப்பு’ அமைப்பில் இருக்கும் அந்த ஒரு சரி அடையாளம் தளம் முழுவதற்கும் நோஇன்டெக்ஸ் (‘தேடலில் சேர்க்காதே’ என்ற குறிப்பு) போட்டுவிடும். பழைய சேர்வரின் மென்பொருள் அப்பாச்சி, புதியதில் என்ஜின்எக்ஸ். அப்பாச்சியின் எச்டிஅக்சஸ் கோப்பில் இருந்த 301 விதிகளை (பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுபவை) என்ஜின்எக்ஸ் வாசிக்காது, ஒவ்வொன்றையும் அதன் மொழியில் திருப்பி எழுத வேண்டும். அதுவும் நடக்கவில்லை. சுட்டிக்காட்டியதும் அன்றே திருத்தினார்கள், ஆனால் சுட்டிக்காட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே!

டிஎன்எஸ் நுழைவைக் கொடுக்காதீர்கள் என்று தலைப்பில் சொன்னதற்குக் காரணம் ஐபிவி6, அதாவது ஐபி முகவரியின் புதிய வகை. பழைய வகை ஐபியைக் காட்டும் ஏ ரெக்கோட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஐபிவி6-ஐக் காட்டும் நாலு ஏ (AAAA) ரெக்கோட்டைப் பழைய ஐபியிலேயே விட்டிருந்தார்கள். ஐபிவி6 உள்ளவர்கள் பழைய தளத்தையும் மற்றவர்கள் புதியதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சேர்வரையே மாற்றுவதென்றால் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் எல்லாம் கூடவே போக வேண்டும். எம்எக்ஸ் விடுபட்டால் மின்னஞ்சல் படுத்துவிடும், மற்றவை விடுபட்டால் நீங்கள் அனுப்புவது ஸ்பாமில் விழலாம். தளம் தேடலில் இருக்கும் நிலையைக் காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோலில் உங்கள் உரிமையை உறுதிசெய்யும் டிஎக்ஸ்டி ரெக்கோட்டும் அங்கேதான் இருக்கும்.

இந்தப் பகுதியை நீங்களே செய்யலாம், கடினமில்லை. டிடிஎல் (ஒரு டிஎன்எஸ் பதிவை மற்றவர்கள் எத்தனை வினாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண்) 86400 என்று இருந்தால், மாற்றுவதற்கு ஒரு நாளுக்கு மேல் முன்பாகவே 300 ஆக்குங்கள். அப்போது மாற்றம் 5 நிமிடத்தில் பரவத் தொடங்கும், பிழைத்தால் அதே வேகத்தில் திரும்பவும் முடியும். பாதுகாப்பான (https) இணைப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை டிஎன்எஸ் முறையில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றிய முதல் நிமிடங்களில் பிரவுசர் எச்சரிக்கைதான் வரும். தளத்தைச் சற்றுநேரம் மூட வேண்டுமென்றால் 503 (‘தற்காலிகமாக இல்லை’) என்ற நிலைக் குறியீட்டைக் கொடுங்கள். ‘திருத்த வேலை நடக்கிறது’ என்ற பக்கத்தை 200 (‘எல்லாம் சரி’) நிலையில் காட்டினால் கூகுள் அதையே உங்கள் உள்ளடக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

மாற்றிய அன்றே சேர்ச் கொன்சோலில் முகப்பையும், அதிகம் பேர் வரும் சில பக்கங்களையும் நேரடிச் சோதனை செய்யுங்கள். புதிய சேர்வரின் ஃபயர்வால், பக்கங்களை வாசிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பொட்டைத் தடுத்தால் அங்கே உடனே தெரியும், உங்கள் பிரவுசரில் தெரியாது. டொமைன் மாறாததால் ‘முகவரி மாற்றம்’ கருவி தேவையில்லை. கூகுள்பொட் வந்துபோகும் வேகம் மாற்றியவுடன் குறையலாம், அடுத்த சில நாட்களில் ஏறும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி எதையாவது மாற்றப் போகாதீர்கள்.

‘பழைய ஹோஸ்டிங்கை இன்றே நிறுத்திவிடலாம்’ என்று இவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பழைய சேர்வரின் வருகைப் பதிவில் (லொக்) கூகுள்பொட்டும் ஆட்களும் வருவது முற்றாக நின்ற பிறகு, அங்கே கிடக்கும் மின்னஞ்சல் பெட்டிகளையும் நகல் (பேக்கப்) எடுத்த பிறகு நிறுத்துங்கள்.