எம்.எஸ். உள்ளவருக்கு ஹேண்ட் கண்ட்ரோல்: ரிப்பேருக்குப் பிறகு சில வார்த்தைகள்

பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் காலுக்குப் பதில் கையால் இயக்க என் காரில் வைத்திருக்கும் ஹேண்ட் கண்ட்ரோல் லீவர் போன வாரம் ரிப்பேராகி வந்தது. லீவரின் மூட்டில் இருக்கும் புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. அதை மாற்றியதோடு நிற்காமல், லீவரைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டுவிட்டார்கள். "இப்ப புதுசு மாதிரி டைட்டா இருக்கு மேடம்" என்றார் பொருத்தியவர், பெருமையாக. பிரச்சினையே அதுதான். இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.; மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறை சிதையும் நோய், எனக்கும் அதுதான்) என்று சமீபத்தில் தெரியவந்த நண்பர் ஒருவர், "நானும் இதைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலரேட்டர், ஸ்டீயரிங்கில் ஒரு கையால் சுழற்ற ஒரு குமிழ், ஆட்டோமேடிக் கியர். இவ்வளவும் தெரிந்ததுதான். வீட்டுக்காரர் ஓட்டும்போது குமிழைக் கழற்றி வைத்துவிடலாம், பெடல்களும் வழக்கம்போல வேலை செய்யும். இதிலெல்லாம் எனக்குக் குறையில்லை.

முதலில் இதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபம் வந்தால் மறந்துவிடும்.

எம்.எஸ். உள்ளவர் கார் ஓட்டுவது என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது காலில் பலமில்லை என்பதுதான். எனக்குப் பலம் ஓரளவு இருந்தது. பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவல்தான் வரவில்லை. பிரேக்கின் மேல் இருக்கிறதா, ஆக்ஸிலரேட்டரின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறதா, எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. லெர்மிட் அறிகுறி என்பார்கள், எங்களில் நிறையப் பேருக்கு அது பரிச்சயம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கார் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த வினாடியில் நான் சாலையையும் பார்க்கவில்லை, உடம்பும் என் வசத்தில் இல்லை என்றால் அதற்குப் பெயர் ஓட்டுவது அல்ல.

லீவர் வந்ததும் இது மொத்தமாக ஒழிந்தது. கையில் உணர்வு இருக்கிறது. எவ்வளவு தள்ளியிருக்கிறேன் என்பது தோளுக்கே தெரிகிறது, கண் சாலையை விட்டு நகர வேண்டியதில்லை. பதற்றத்தில் உடம்பு முன்னால் சாய்ந்தாலும் அது பிரேக்கைத்தான் அழுத்தும், அந்த ஏற்பாடும் நன்று. கூடவே பெடல்களை மறைக்கும் தகடு ஒன்று போட்டிருக்கிறேன். தசை இறுக்கம் உள்ளவர்கள் இதை விடவே கூடாது. குதிகால் தானாகத் துடிக்கத் தொடங்கும்போது அது ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். தகடு இருந்தால் கால் தன்பாட்டுக்குத் துடித்துவிட்டுப் போகட்டும்.

சரி, இனி குறைக்கு வருகிறேன்.

இந்த லீவரை வடிவமைத்தவர் மனதில் ஒரு ஆள் இருந்திருக்கிறார். அவருக்குக் கால்கள் இயங்காது, கைகள் உறுதியானவை. முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோள் முறுக்கேறியவர். நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. அவருக்கு இது அற்புதமான பொருள், சந்தேகமே இல்லை. எம்.எஸ். உடம்பு அந்த ஆள் இல்லை. எனக்குக் காலையில் ஒரு கை, மாலையில் வேறொரு கை. லீவரின் இறுக்கம் மட்டும் எப்போதும் ஒன்றேதான்.

இதில் சூடு பெரிய வில்லன். வில்ஹெல்ம் உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகளுக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை 1890-இலேயே எழுதிவைத்தார். உழைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார். உடம்புச் சூடு ஏறுவதுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. மயலின் (myelin) என்ற காப்பு உறை உரிந்துபோன நரம்பு இழை, சாதாரண வெப்பத்தில் தட்டுத் தடுமாறியாவது செய்தியைக் கடத்திவிடும். உடலின் வெப்பம் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே சிலருக்கு அதுவும் நின்றுவிடும். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கணித்தார்களாம். வெயிலில் நிறுத்திவைத்த காரில் ஏறி உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டி ஞாபகம்தான். உடம்புச் சூடு இயல்பாகவே பிற்பகலில்தான் ஏறும். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் அதுதான். காலையில் விரலால் இழுத்த லீவரை அப்போது முழங்கையால் இழுக்கிறேன். குளிர்ந்ததும் பலம் திரும்பிவிடும், நிரந்தரச் சேதம் ஒன்றுமில்லை. ஆனால் நெரிசலில் நின்று நின்று நகரும்போது இந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழைய ஸ்பிரிங் நாள்பட நாள்பட இளகி, தற்செயலாக என் மாலைக் கைக்குத் தோதாகியிருந்தது. நான் பணம் கொடுத்து வாங்கிய எந்த வசதியையும்விட அந்தத் தேய்மானம் எனக்கு உதவியது. அதைத்தான் சரிசெய்துவிட்டார்கள்.

பொருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. பிரேக்கோடு இணைந்த மூட்டில் ஆட்டம் இருக்கும்போது அதை அப்படியே விட்டால்தான் அவர் தப்பானவர். புஷ்ஷை மாற்றியே ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரிங்கையும் அவர் கையேட்டில் உள்ளபடிதான் முறுக்கியிருக்கிறார். அதைத் தளர்த்தும் நட்டு இருக்கும் இடம்தான் அநியாயம். ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தால்தான் தெரியும். கழுத்து மடிந்தால் எனக்கு என்னாகும் என்று மேலே சொல்லிவிட்டேன். லீவரின் தலையிலேயே லேசு, நடுத்தரம், கெட்டி என்று திருப்பிக்கொள்ள ஒரு சிறிய வளையம் வைக்க இவர்களுக்கு என்ன கஷ்டம்? ஒரு கையில் குமிழ், ஒரு கையில் லீவர் என்று ஆனபிறகு இண்டிகேட்டருக்கும் ஹாரனுக்கும் கை எங்கே என்று யோசித்து குமிழிலேயே பொத்தான்களை வைத்தவர்களுக்கு இது மட்டும் ஏன் தோன்றவில்லை என்று புரியவில்லை.

இந்த எரிச்சலில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன், கார் நின்ற இடத்திலேயே லீவரை முழுவதும் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். தோள் நடுங்கினால் சாவி வீட்டுக்காரரிடம் போய்விடும். பழைய ஸ்பிரிங் இருந்தபோது தோள் எப்போதாவதுதான் நடுங்கும். புது ஸ்பிரிங் வந்ததும் அடிக்கடி நடுங்குகிறது. "அது நல்லதுக்குத்தானே, முன்னாடியே சொல்லிடுதே" என்கிறார் அவர். அவர் சொல்வது சரி. சரியாக இருப்பதால் கோபம் இன்னும் கூடுகிறது.

நண்பருக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. லீவர் காலின் வேலையை எடுத்துக்கொள்ளும், கண்ணுக்கும் மூளைக்கும் அது ஒன்றும் செய்யாது. பார்வை நரம்பில் அழற்சி வந்தபோது எனக்கு முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு வெளுத்த செங்கல் நிறத்தில் தெரிந்தது. சிவப்புதான் முதலில் சாயம் போகும். பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு கண் முந்தி ஒரு கண் பிந்தி, வண்டி இரண்டாகத் தெரிகிற நாட்களும் வரும். அந்த மாதிரி நாட்களில் ஓட்டுவதில்லை, அதில் பேரமே கிடையாது. தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் என்ற மருந்தைத் தொடங்கும்போதோ அளவைக் கூட்டும்போதோ, தூக்கக் கலக்கம் எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை ஸ்டீயரிங் பக்கமே போகாதீர்கள். காய்ச்சல் இருக்கும்போதும் அப்படித்தான்.

மூளையின் வேகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை நாமாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓட்டும் திறனை மதிப்பிடும் தொழில்வழி சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) போனபோது, லீவரைத் தொட விடுவதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண். 90 வினாடியில் எத்தனை குறிக்குச் சரியான எண்ணைச் சொல்கிறேன் என்று பார்த்தார். கார் ஓட்டுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். நாலு பக்கமும் வண்டி வரும் சந்திப்பில் யார் முதலில், யார் அடுத்து என்று பிரித்தறிய எடுக்கும் நேரத்தைத்தான் அது அளக்கிறது. அரை வினாடி தாமதமென்றால் மேலே சொன்ன வேகத்தில் எட்டு மீட்டர் போய்விடும். அதன் பிறகு சாலையிலும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். லீவரைவிட அந்த மதிப்பீடுதான் எனக்கு அதிகம் உதவியது. எந்த நேரத்தில், எவ்வளவு தூரம், எங்கே நிறுத்தி இளைப்பாறுவது என்று திட்டமாகச் சொல்லி அனுப்பினார். லைசென்ஸ் தரும் அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நோயைப் பற்றியும் காரில் செய்த மாற்றத்தைப் பற்றியும் தெரிவிப்பதை அதோடு சேர்த்தே முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் விபத்து நடந்த அன்றுதான் ஞாபகம் வரும்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வளையம் வைத்து விரலால் அழுத்தும் மின்னணு ஆக்ஸிலரேட்டரும் உண்டு. அதற்கு இழுக்கும் பலமே வேண்டாம். ஆனால் பிரேக்குக்கு லீவர் எப்படியும் வேண்டும். இடதுகால் ஆக்ஸிலரேட்டர் போடலாமா என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். அவருக்கு இப்போது வலது பாதம்தான் தொங்குகிறது, இடது நன்றாக இருக்கிறது. எம்.எஸ். விஷயத்தில் அந்த 'இப்போது' என்பதை நம்பி நான் காசு போட மாட்டேன். அவர் நரம்பியல் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேட்கட்டும்.

எதைப் போட்டாலும், சோதனை ஓட்டத்துக்குப் பிற்பகல் நாலு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, பூ மாதிரி இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

என் மதிப்பெண்? இந்த லீவர் இல்லையென்றால் நான் கார் ஓட்டுவதையே விட்டிருப்பேன். ஐந்துக்கு இரண்டு. போட வேண்டாம் என்று நான் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை, தயாரித்தவர்கள் அனுமதிக்கும் அளவுக்குள் எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தித் தரச் சொல்லி அடுத்த வாரம் போகிறேன். அதற்குப் பிறகு கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.