பழைய புல்வெட்டிக்கு மாற்று பெல்ட்: தயாரிப்பாளரின் பாகமா, அளவெடுத்து வாங்குவதா?

ஐரோப்பியப் பண்ணைகளில் உலர்புல் அறுவடைக்கு இன்றும் ஓடும் பழைய டிரம் வகை (கத்தி பொருத்திய உருளைகள் சுழன்று புல்லை வெட்டும்) புல்வெட்டிகளில், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து (இணைத்த கருவிகளை இயக்கும் சுழல்தண்டு) வரும் விசையை டிரம்களுக்குக் கடத்துபவை பக்கம் பக்கமாக ஓடும் சில வி-பெல்ட்டுகளே (‘V’ வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ரப்பர் பட்டைகள்). அவை தேய்ந்தால் இரண்டு வழிகள் உண்டு.

பாக எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே வாங்கினால் அளவுக் குழப்பம் இல்லை. விலைதான் கூடுதல், உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் நல்ல வெயில் நாட்களைக் காத்திருப்பிலேயே இழக்க நேரிடும்.

பொதுவான பெல்ட் கடையில் அளவு கொடுத்து வாங்குவது மலிவு, விரைவு. ஆனால் கவனம் மிகவும் தேவை. ‘பி’ வகை பெல்ட் 17 மி.மீ. அகலமும் 11 மி.மீ. உயரமும் கொண்டது, ‘எஸ்.பி.பி.’ வகையோ ஏறக்குறைய அதே அகலத்தில் 13 மி.மீ. உயரம் இருப்பதால், மேலிருந்து மட்டும் பார்ப்பவர் எளிதில் ஏமாந்துவிடுவார். பழைய பெல்ட் ஓடி ஓடி நீண்டிருக்கும் என்பதால் அதன் நீளத்தை நம்பாமல், பெல்ட்டை இறுக்கும் திருகைத் தளர்த்திவிட்டுக் கப்பிகளைச் சுற்றிக் கயிறு விட்டு அளப்பதே சரி. ஒன்று மட்டும் அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக மாற்ற வேண்டும்; இல்லையேல் புதிய பெல்ட்டே பெரும்பாலான சுமையைத் தாங்கிச் சீக்கிரம் கெடும்.

நேராக விசை கடத்தும் இடங்களுக்கு அளவெடுத்த பெல்ட்டே போதும் என்பது என் கருத்து. பெல்ட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் கிளட்சாகப் பயன்படுத்தும் இயந்திரங்களில் மட்டும், வழுக்கலைத் தாங்கும் துணியுறையும் எளிதில் நீளாத அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான செயற்கை) இழையும் தேவைப்படுவதால், அசல் பாகத்தையே நாடுவது நல்லது. எந்த வழியாயினும், கப்பிப் பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அங்கே உட்கார்ந்து வழுக்குகிறது என்று பொருள். முதலில் கப்பியை மாற்ற வேண்டும்.